மாசி முடிவதற்குள் ஒரு ராத்திரிச் சுற்று

பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். பாடப்புத்தகத்தில் 'பிரேந்தாம்' வந்தால் பனி உருகும், பூ பூக்கும். புதுச்சேரி அலுவலகங்களில் காலம் தள்ளியவனுக்கு அந்தப் பருவம் வேறு மாதிரி தெரியும். மார்ச் வந்துவிட்டது, ஒதுக்கிய பணத்தை 31ஆம் தேதிக்குள் செலவு காட்ட வேண்டும்! அந்த அவசரத்தில் வாங்குகிற சாமான்களில் இப்போது கேமராவும் சேர்ந்துகொண்டது.

என் கட்சி இதுதான்: அலுவலகமோ, பூங்காவோ, கடையோ, இந்த மாதத்தில் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். இருப்பதை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அதுவும் இருட்டிய பிறகு.

மாசியில் இலை கொட்டி நிற்கிற அரசும் புங்கையும் பங்குனியில் தளதளவென்று துளிர்த்துவிடும். விளக்கு எரியும், பில்லும் வரும், வெளிச்சம் மட்டும் இலைக்கு மேலேயே நின்றுவிடும். பகலில் வந்து கையெழுத்துப் போட்டுப் போகும் அதிகாரிக்கு இது எப்படித் தெரியும்? மறைக்கிற கிளையை மட்டும் இப்போதே கழித்தால் போதும். மரத்தையே மொட்டையடிக்க வேண்டாம், அதில் குருவி கூடு கட்டியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழை குடித்த மின்பெட்டிகளையும் திறந்து பார்க்க வேண்டும். கம்பத்தில் மின்கசிவு உண்டா என்று மின்துறை ஆளை வைத்துச் சோதிக்க வேண்டும். பரீட்சை முடிந்தால் பிள்ளைகள் அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றுவார்கள். நம் ஊர் உப்புக்காற்றில் பூட்டும் கீலும் இறுகிப்போகும். கடைக்காரர்களுக்கு இன்னொன்று: பின்சுவரோரம் அடுக்கி வைத்த காலிப் பெட்டிகள் திருடனுக்கு ஏணி.

சில வருடங்களுக்கு முன் ஒரு பொதுக் கட்டட வாசலில் என் சைக்கிள் போயிற்று. கேமரா இருந்தது. கெஞ்சிக் கேட்டுப் பதிவைப் பார்த்தால், திரை முழுக்க வெள்ளையாக ஏதோ ஆடுகிறது. சிலந்தி வலை! ராத்திரியில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி வலையில் பட்டு அப்படித் தெரியுமாம். கடிகாரமும் இரண்டு மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஒட்டடைக்கம்பு போதாதா இதற்கு?

சிலர் வாசலில் பெரிய ஃபோகஸ் விளக்கைக் கண்ணுக்கு நேராகக் கட்டுகிறார்கள். கண்புரை உள்ள நம் வயதுக்காரர்களுக்கு அதைத் தாண்டினால் எதுவும் தெரியாது. படியும் தெரியாது, பள்ளமும் தெரியாது. விளக்கைக் கீழ்நோக்கித் திருப்ப ஒரு ஸ்பேனர் போதும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது காவலாளி. சின்ன வயதில் 'கர்தியேன்' என்றாலே எங்களுக்கு நடுக்கம். எந்தச் சுவரில் எந்தக் கல் ஆடும் என்பதுகூட அவருக்குத் தெரியும். இப்போது இருப்பவர் காண்ட்ராக்ட் ஆள். பன்னிரண்டு மணி நேர வேலை, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, பேட்டரி தீர்ந்த டார்ச். எந்தக் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவது என்றுகூட யாரும் எழுதித் தருவதில்லை. வெயில் ஏறப் போகிறது, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் கிடையாது.

கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு ராத்திரி வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்தேன். கேட்டை விட்டுவிட்டு அவர் அடிக்கடி எங்கேயோ போய்வருவதைக் கவனித்திருந்தேன். "பாத்ரூம் சாவி ஆபீசர்கிட்ட இருக்குங்க ஐயா. சாயங்காலம் பூட்டி எடுத்துட்டுப் போயிடுவாரு. நான் எங்கே போவேன்?" என்றார். அவர் போய்வருகிற நேரமெல்லாம் கட்டடம் திறந்த வீடு. எட்டு கேமரா வாங்கக் கோப்பு நகர்கிறது, இன்னொரு சாவி செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கு டெண்டர் வேண்டாம். பெரிய மார்க்கெட் பக்கம் சாவி வெட்டுகிறவரிடம் கொடுத்தால் கால் மணி நேர வேலை. நடைப்பயிற்சிக்குப் போகும் நண்பர்கள் இந்த வாரம் ஒருநாள் ஏழரை மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். எந்தக் கம்பத்து விளக்கு இலைக்குள் போய்விட்டது என்று குறித்துக்கொண்டு மின்துறைக்கு ஒரு மனு கொடுங்கள். ரசீது வாங்க மறக்காதீர்கள்.