கஞ்சி சொல்லும் கணக்கு

யுத்தம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? டாங்கி, தளபதி, வரைபடத்தில் நாலு அம்புக்குறி. ஈழப் போரைப் பற்றி டீக்கடை பெஞ்சில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் நம்மிடம் உண்டு. எந்த ஊர் எப்போது விழுந்தது, யாரிடம் என்ன பீரங்கி இருந்தது, எல்லாம் அத்துப்படி. அந்த ஊரில் அன்று ராத்திரி பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார்கள்.

பெண்களைக் கேட்டால் தெரியும். 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை. கரண்ட் கிடையாது. மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பு. ஜாம் போத்தலில் துளி எண்ணெயும் பஞ்சும் திரியும் போட்ட விளக்கில்தான் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோவில் செய்தி கேட்டது. வீட்டு முற்றத்திலேயே பதுங்குகுழி.

"இதெல்லாம் அழுகாச்சிக் கதை. சரித்திரமாகுமா?" என்கிறார்கள் சில மேதாவிகள்.

ஏன் சார் ஆகாது? 2009 பிப்ரவரி இறுதியில், வன்னியில் சிக்கியிருப்பவர்கள் சுமார் 70,000 பேர்தான் என்றது இலங்கை அரசு. அரிசியையும் அந்தக் கணக்கில்தான் அனுப்பினார்கள். மே மாதம் போர் முடிந்தபோது முகாம்களில் அடைக்கப்பட்டவர்களோ இரண்டரை லட்சத்துக்கும் மேல்! எது பொய்க்கணக்கு என்பது, முள்ளிவாய்க்காலில் உப்புக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற குழந்தைக்கு அன்றைக்கே தெரியும். கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு சொன்னது 2011-இல்தான்.

நமக்குப் புரியாதது அதிகாரத்துக்குப் புரிந்திருக்கிறது. 2024 மே மாதம், திருகோணமலை மாவட்டம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் நினைவாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பெண்களைக் கைது செய்தது போலீஸ். வெறும் அழுகாச்சி என்றால் கஞ்சிப் பானைக்கு எதற்கய்யா இவ்வளவு பயம்?

1983-இலிருந்து வந்து சேர்ந்தவர்கள் நம் மாநில முகாம்களிலும் இருக்கிறார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு முகாம் இருக்கலாம். ஒருநாள் போங்கள். அங்கேயுள்ள ஓர் அம்மம்மாவிடம், "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "அப்போ வீட்டில் என்ன சமைச்சீங்க? பிள்ளைகளை எங்கே படுக்க வெச்சீங்க?" என்று கேளுங்கள். சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இலக்கணம் திருத்துகிறேன், அரசியல் திருத்துகிறேன் என்று கைவைக்காதீர்கள்.

சீக்கிரம் போங்கள். அம்மம்மாக்களுக்கு வயதாகிவிட்டது.