அக்கரைச் சீமையிலே: ஐஸ் ஹவுஸுக்கு ஐஸ் அனுப்பிய மாநிலம்



சென்னைக் கடற்கரைச் சாலையில், திருவல்லிக்கேணிப் பக்கம், வட்ட வடிவமாக ஒரு பழைய கட்டடம் இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனால் அந்தப் பேட்டைக்காரர்களைக் கேட்டால் இன்றும் ‘ஐஸ் ஹவுஸ்’தான். அங்கே இருந்த ஐஸ் எங்கிருந்து வந்தது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

அமெரிக்காவிலிருந்து! மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் குளிர்காலம் வந்தால் குளம், ஏரியெல்லாம் பாறையாக உறைந்துவிடும். அதைச் சதுரம் சதுரமாக அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலில் ஏற்றுவார்கள். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர நான்கு மாதம் ஆகும். பிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி 1833-ல் கல்கத்தாவுக்கு முதல் கப்பலை அனுப்பினார். ஏற்றியது 180 டன். வழியில் கரைந்தது போக வந்து சேர்ந்தது சுமார் 100 டன். சென்னைக்கு வந்த ஐஸைச் சேமித்து வைக்க 1842-ல் எழுந்ததுதான் நம் ஐஸ் ஹவுஸ். இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரமும் கரைந்து போயிற்று. பிற்பாடு சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் பால விதவைகளைத் தங்க வைத்துப் படிக்க வைத்ததும் இதே கட்டடத்தில்தான்.

மகளின் பிரசவத்துக்காக அந்த மாநிலத்தில் ஐந்து மாதம் இருந்தேன். குழந்தைக்குக் கழுத்து நின்றதும், சனி ஞாயிறுகளில் மாப்பிள்ளை காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் காட்டினார். ஒரு பெண்ணை ஊரே தனியாக விட்டபோது என்ன ஆயிற்று, பெண்கள் ஒன்றாக நின்றபோது என்ன ஆயிற்று என்ற இரண்டையும் அங்கே பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே பார்க்க முடிகிறது. அதைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

முதலில் பூகோளம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், அட்லாண்டிக் கடலோரம் இருக்கிறது மாஸசூஸெட்ஸ். கேரளத்தைவிடச் சிறியது. 2020 கணக்கெடுப்பில் சுமார் 70 லட்சம் ஜனங்கள். தலைநகர் பாஸ்டன். வரைபடத்தில் பார்த்தால், கையை மடக்கி முஷ்டியைத் தூக்கிக் காட்டுவது போலக் கடலுக்குள் நீண்டிருக்கும் நிலம் ‘கேப் காட்’. ‘காட்’ என்றால் அந்தக் கடலில் கிடைத்த மீனின் பெயர். மேற்கே பெர்க்‌ஷயர் குன்றுகள். ஆதியில் பனிப்பாறைகள் இழுத்து வந்து கொட்டிய கல்தான் மண்ணெங்கும். உழவுக்குப் பொறுக்கிப் போட்ட கல்லே வேலியாகிவிடும்! அதனால்தான் அந்த ஜனங்கள் மீனையும், கப்பலையும், ஆற்றின் வேகத்தையும், கடைசியில் பனிக்கட்டியையும்கூட நம்பிப் பிழைத்தார்கள். மாநிலத்தின் பெயரே அங்கிருந்த பூர்வகுடி மக்களுடையது. ‘பெரிய குன்றின் அருகே’ என்று பொருள்.

பாஸ்டனுக்குத் தெற்கே பிளிமத். 1620-ல் ‘மேஃப்ளவர்’ கப்பலில் இங்கிலாந்திலிருந்து நூறு பேர் சுமாருக்கு வந்து குடியேறிய இடம். குளிரும் ஈரமும் சத்தில்லாத ஆகாரமும் சேர்ந்து, முதல் குளிர்காலத்திலேயே பாதிப் பேர் போய்விட்டார்கள். வந்த மணமான பெண்கள் 18 பேரில், அடுத்த ஆண்டு அறுவடை விருந்தன்று உயிரோடு இருந்தவர்கள் நான்கே பேர்! மீனை உரமாகப் போட்டு மக்காச்சோளம் பயிரிடச் சொல்லிக் கொடுத்துக் காப்பாற்றியவர்கள் வாம்பனோவாக் என்ற பூர்வகுடியினர். அந்த விருந்தைத்தான் இன்று நவம்பரில் ‘நன்றி நாள்’ என்று நாடே கொண்டாடுகிறது. ஆனால் வெள்ளையர் கப்பல்களோடு வந்த நோயில் பூர்வகுடியினர் கிராமம் கிராமமாக அழிந்தார்கள். அதை நினைத்து, 1970 முதல் அதே நாளில் அதே பிளிமத்தில் துக்க நாள் அனுசரிக்கிறார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டில் விருந்து, ஒரு வீட்டில் துக்கம்.

இந்தப் பக்கம்தான் கிரான்பெரி என்ற சிவப்புப் பழம் விளைகிறது. அறுவடைக்கு வயலில் தண்ணீர் கட்டுவார்கள். பழம் மிதந்து வயலே குங்குமக் குளமாகிவிடும். கிரான்பெரிச் சாறு, பெண்களுக்கு அடிக்கடி வரும் நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வராமல் தடுக்க ஓரளவு உதவும் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆனால் வந்த கடுப்பை அது தீர்க்காது. எரிச்சலோடு காய்ச்சலும் இருந்தால், முக்கியமாகக் கர்ப்பிணிகள், தாமதிக்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

“அம்மா, நாளைக்கு சேலம் போகலாமா?” என்றாள் மகள். “ஏண்டி, மாம்பழ சீசனா?” என்றேன். பாஸ்டனுக்கு வடக்கே, அரை மணி தூரத்தில் இருக்கிறது அந்த சேலம். அமைதி என்ற பொருளுள்ள எபிரேயச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆனால் 1692-ல் அங்கே நடந்ததைக் கேட்டால் வயிறு கலங்கும்.

பாதிரியார் வீட்டில் 9 வயது, 11 வயதுச் சிறுமிகள் இருவருக்கு இழுப்பு மாதிரி ஏதோ வந்தது. “சூனியம்” என்றார்கள். யார் வைத்தது? முதலில் கை காட்டப்பட்டவர்கள் மூன்று பெண்கள்: ஓர் அடிமைப் பெண், ஒரு பிச்சைக்காரி, ஒரு படுத்த படுக்கைக்காரி. மூவருக்கும் பரிந்து பேச ஆள் கிடையாது. அந்தப் பிச்சைக்காரி ஸேரா குட்டின் கைக்குழந்தை சிறையிலேயே இறந்தது. அவளுடைய இன்னொரு மகள், நாலைந்து வயதுக் குழந்தை, அதையும் ‘சூனியக்காரி’ என்று மாதக்கணக்கில் விலங்கிட்டு வைத்திருந்தார்கள்! எனக்கு அந்த இடத்தில் பேரக்குழந்தையை இறுக அணைத்துக்கொள்ளத்தான் தோன்றியது.

அப்புறம் பழி யார் மேலும் பாய்ந்தது. ஊரே மதித்த 71 வயது ரெபெக்கா நர்ஸ் பாட்டியையும் தூக்கிலிட்டார்கள். மொத்தம் 19 பேர் தூக்கில். அவர்களில் 14 பேர் பெண்கள். ஒரு கிழவரைக் கல்லடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். 1992-ல் அமைத்த நினைவிடத்தில், இறந்தவர் ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த ஒரு கல் இருக்கை. அன்று தண்டனை விதிக்கப்பட்டு, தூக்கு மட்டும் தப்பிய எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் பெயரில் குற்றம் அழிக்கப்படாமலே இருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மனுப்போட்டு முயன்று, 2022-ல்தான் அது நீங்கியது. 330 வருஷம்! “அவ வாய் வச்சா விளங்காது”, “அவ ராசி சரியில்லை” என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று தெரிய வேண்டுமானால் சேலம் பார்க்க வேண்டும்.

பாஸ்டனில் இதற்கு நேர் எதிரான கதை. 1721-ல் அங்கே பெரியம்மை கண்டது. காட்டன் மேதர் என்ற பாதிரியாரிடம் ஒனெஸிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை ஒருவர் இருந்தார். அம்மைக் கொப்புளத்தின் நீரைக் கையில் சிறிதாகக் கீறி வைத்தால் நோய் லேசாக வந்து போய்விடும், எங்கள் நாட்டில் செய்வார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். சேலம் விசாரணைகளுக்கு ஆதரவாக எழுதிய மேதர், ஓர் அடிமையின் இந்தப் பேச்சுக்குக் காது கொடுத்தார்! ஸப்டியேல் பாயில்ஸ்டன் என்ற வைத்தியர், முதலில் தம் ஆறு வயது மகனுக்கே வைத்தார். ஊர் கொதித்தது. மேதர் வீட்டுக்குள் வெடிகுண்டுகூட வீசினார்கள். முடிவில் கணக்குப் பார்த்தால், இயற்கையாக அம்மை கண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேர் இறந்தார்கள். கீறி வைத்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். இதைவிடப் பத்திரமான தடுப்பூசி பிறகு வந்தது. 1980-ல் பெரியம்மையே உலகில் ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். இளம் தாய்மார்களே, ஊசியைப் பற்றி யாராவது பயமுறுத்தினால் கூச்சலைக் கேட்காதீர்கள். டாக்டரிடம் கணக்கைக் கேளுங்கள். குழந்தையின் ஊசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

பாஸ்டனிலிருந்து ஒரு மணி நேரத்தில் லோவல் என்ற மில் ஊர். ஆற்று நீரின் வேகத்தில் 1820-களிலேயே பஞ்சாலைகள் ஓடத் தொடங்கின. தறியில் நின்றவர்கள் பெரும்பாலும் பண்ணை வீட்டு இளம்பெண்கள். தினம் 12, 13 மணி நேர வேலை, ஜன்னல் திறக்காத அறை, மூச்செல்லாம் பஞ்சு. (அந்தப் பருத்தியைத் தெற்கே விளைவித்தவர்கள் அடிமைகள் என்பதையும் மறக்கக் கூடாது.) அந்தக் களைப்பிலும் அவர்கள், தாங்களே எழுதிய ஒரு பத்திரிகையை 1840 முதல் 1845 வரை நடத்தினார்கள்! கூலியைக் குறைத்தபோது 1834-லும், விடுதிச் செலவை ஏற்றியபோது 1836-லும் வேலையை நிறுத்தினார்கள். ஸேரா பேக்லி என்ற தறிப்பெண் சங்கம் அமைத்து, பத்து மணி நேர வேலை கேட்டு ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கினாள். 1845-ல் சட்டசபைக் குழு முன் பெண்களே சாட்சி சொன்னார்கள். அவர்களுக்கு ஓட்டுரிமைகூடக் கிடையாத காலம் அது. அன்று கேட்டது கிடைக்கவில்லை. 1874-ல்தான் பெண்களுக்குப் பத்து மணி நேரச் சட்டம் வந்தது. பழைய மில் ஒன்றை அருங்காட்சியகமாக்கி, தறிகளை இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். ஐந்து நிமிஷத்தில் காது அடைத்துப் போயிற்று எனக்கு.

கடைசியாக கிளாஸ்டர். 1623-லிருந்து மீன்பிடி ஊர். சென்னை அன்பர்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தில் கப்பலேறிய சுவாமி விவேகானந்தர், சிகாகோ மாநாட்டுக்கு முன்பே, 1893 ஆகஸ்டில், இந்த ஊரைச் சேர்ந்த ஆனிஸ்க்வாம் என்ற இடத்து மாதா கோயிலில் பேசினார். ரயிலில் சந்தித்த அவரை, தன் பண்ணை வீட்டுக்கு அழைத்து உபசரித்தவர் கேட் சான்பார்ன் என்ற எழுத்தாளர் அம்மையார். 1897-ல் சென்னை திரும்பி அவர் ஒன்பது நாள் தங்கியது ஐஸ் ஹவுஸில்!

கிளாஸ்டர் கடலுக்குக் கொடுத்த மீனவர்கள் ஐயாயிரத்துக்கும் மேல். கடற்கரையில் கப்பல் சக்கரத்தைப் பிடித்து நிற்கும் மீனவர் சிலை 1925-ல் வைத்தது. சற்றுத் தள்ளி, இரண்டு குழந்தைகளோடு கடலைப் பார்த்து நிற்கும் பெண்ணின் சிலை 2001-ல்தான் வந்தது. அதற்குப் பணம் திரட்டியது அங்குள்ள மீனவர் மனைவியர் சங்கம். 1969-ல் தொடங்கிய சங்கம் அது. அயல்நாட்டுப் பெரிய கப்பல்கள் மீனை வாரிக்கொண்டு போனதைத் தடுக்கப் போராடியது. கடலுக்குள் எண்ணெய்க் கிணறு தோண்டுவதை எதிர்த்தது. மீனவக் குடும்பங்களுக்கு வைத்தியக் காப்பீடு கிடைக்கப் பாடுபட்டது. காத்திருப்பது மட்டும்தான் மனைவியின் வேலை என்று அவர்கள் நினைக்கவில்லை.

மகள், மருமகள் பிரசவத்துக்கு அந்தப் பக்கம் போகிற தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அக்டோபரில் மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக மாறும், கண்கொள்ளாக் காட்சி. டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். மனசும் சோர்ந்து போகும். பிரசவித்த பெண்ணுக்கு அந்த இருட்டு இன்னும் பாரம். சமைத்துப் போடுவதோடு நிறுத்தாமல், பகலில் வெயில் எட்டிப் பார்க்கும் நேரம் குழந்தையைப் போர்த்திக்கொண்டு அவளையும் வெளியே அழைத்துப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் அவள் காரணமில்லாமல் அழுதுகொண்டேயிருந்தால், “எல்லாருக்கும் வர்றதுதான்” என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு பெண்ணைத் தனியாக விட்டுவிடக் கூடாது.

அடுத்த இதழில், பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்ட்.