பாண்டுப் தொழிலாளியும் குடலிறக்க ரண சிகிச்சையும்

வயிற்றில் மூன்று சிறு துளைகளிட்டுக் குடலிறக்கத்தைச் சீர்செய்யும் முறை, தழும்பு தெரியலாகாது என்று விரும்பும் செல்வர்களுக்கே உரியது என்னும் எண்ணம் சுகாதார ஊழியரிடையேயும் ஆசிரியரிடையேயும் இன்னும் நிலவுகிறது. இவ்வெண்ணம் திருத்தப்படுதல் வேண்டும். ஒரு வாரக் கூலி போனால் கடன் வாங்க நேரும் குடும்பத்திற்கே, விரைவில் எழுந்து வேலைக்குத் திரும்ப உதவும் சிகிச்சை மிகுதியும் தேவை. ஆயினும் துளை சிறியது என்பதாலேயே சிகிச்சை சிறந்ததாகிவிடாது. யாருக்கு, எங்கே, எவர் கையால் என்பவற்றைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது.

மும்பையின் வடகிழக்குப் புறநகரான பாண்டுப்பை நோக்கினால் இது தெளிவாகும். கிழக்கே உப்பளங்களும் தாணே கழியும், மேற்கே குன்றுகளும், இடையே ரயில் பாதையும் தொழிற்கூடங்களுமாக அமைந்த ஊர் அது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் போன்றே இங்கும் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்கின்றன. மாநகருக்குக் குடிநீரைத் தூய்மை செய்து அனுப்பும் பெருநிலையம் இவ்வூரிலேயே உள்ளது. எனினும் குன்றின் சரிவில் அடுக்கடுக்காக ஏறிச்செல்லும் குடியிருப்புகளில் பெண்கள் தண்ணீரைச் சுமந்தே படியேற நேர்கிறது. கீழே, லாரிகளில் மூட்டை இறக்கும் மாத்தாடித் தொழிலாளரும் கட்டட வேலைக்காரரும் உடல் வலிமையையே முதலாகக் கொண்டு பிழைக்கின்றனர். இத்தகையோருக்கு வயிற்றுச் சுவரில் நேரும் பழுது, பிழைப்பில் நேரும் பழுதேயாகும்.

வயிற்றுச் சுவர் தசையும் தசைநார்த் தகடுகளும் படிந்து அமைந்த ஓர் உறை. இருமும்போதும், முக்கும்போதும், பளு தூக்கும்போதும் வயிற்றின் உள்ளழுத்தம் உயர்கிறது. சுவரில் வலுவற்ற இடம் ஒன்றிருப்பின், குடலோ அதனைச் சூழ்ந்த கொழுப்போ அதன் வழியே பிதுங்குகிறது. ஆண்களுக்குக் கருப்பருவத்தில் விரை இறங்கிய வழி கவட்டில் இயல்பாகவே மெலிந்திருப்பதால், அங்கே குடலிறக்கம் மிகுதி. வாழ்நாளில் ஏறத்தாழ நூறு ஆண்களில் 27 பேருக்குக் கவட்டுக் குடலிறக்கச் சிகிச்சை தேவைப்படுகிறது எனக் கணக்கிட்டுள்ளனர். பெண்களில் இது நூற்றுக்கு மூவரே. தொப்புள், பழைய ரண சிகிச்சைத் தழும்பு ஆகியவையும் பலவீனமான இடங்களே. பளு தூக்கியதால்தான் இது வந்தது என்று மக்கள் கூறுவது முழு உண்மையன்று. பிறவியிலேயே உள்ள மெலிவும், தீராத இருமலும், மலச்சிக்கலும், பல பேறுகளும் இதற்குத் துணை செய்கின்றன.

கடைகளில் விற்கும் கச்சையும் பட்டையும் பிதுக்கத்தை அமுக்கி வைக்குமேயன்றி ஓட்டையை அடைக்கமாட்டா. குழந்தையின் தொப்புளில் காசு வைத்துக் கட்டும் வழக்கத்தாலும் பயனில்லை. தோல் புண்ணாவதே மிச்சம். குழந்தைகளின் தொப்புள் பிதுக்கம் பெரும்பாலும் நான்கைந்து வயதிற்குள் தானாகவே மூடிக்கொள்கிறது. கவட்டில் தோன்றும் பிதுக்கமோ அவ்வாறு மூடாது. ஆகவே பள்ளிப் பிள்ளை ஒருவனின் கவட்டில் வீக்கம் தோன்றி மறைவதாகத் தெரிந்தால், ஆசிரியர் பெற்றோரைக் காலம் தாழ்த்தாது வைத்தியரிடம் அனுப்புதல் வேண்டும்.

பெரியவர்கள் காத்திருக்கலாமா என்பது அடுத்த கேள்வி. தொல்லை மிகக் குறைந்த ஆண்கள் காத்திருக்கலாம் என்று வட அமெரிக்காவில் நிகழ்ந்து 2006-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. ஓராண்டு காத்திருந்தவர் ஆயிரம் பேர் எனின், குடல் அகப்பட்டு அவசர நிலைக்கு ஆளானவர் இருவருக்கும் குறைவே. ஆனால் பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, காத்திருந்தோரில் மூன்றில் இரு பங்கினர் வலி மிகுந்து சிகிச்சைக்கு வந்துவிட்டனர். அவசரம் நேர்ந்தவுடன் வாகனமும் ரண வைத்தியரும் கிடைக்கும் நாட்டில் பெற்ற முடிவு இது. பாண்டுப்பின் குன்றுச் சந்துகளில் ஆம்புலன்ஸ் ஏறாது. நள்ளிரவில் பிதுக்கம் கல்லாக இறுகி, வாந்தியும் வலியும் தோன்றினால், நோயாளியைத் தூக்கிக்கொண்டுதான் கீழிறங்க வேண்டும். நெரிபட்ட குடலுக்கோ இரத்த ஓட்டம் நின்ற சில மணி நேரத்திலேயே அழுகல் தொடங்கிவிடுகிறது. ஆதலின் காத்திருக்கலாம் என்ற அறிவுரையை இங்கே அப்படியே ஓதுவது பொறுப்பாகாது. பெண்களைப் பற்றியோ ஐயமே இல்லை. தொடையின் மேற்பக்கத்தில் தோன்றும் பிதுக்கம் அவர்களிடையே மிகுதி. அது எளிதில் நெரிபடும். அவர்கள் விரைந்து சிகிச்சை பெறுதல் வேண்டும்.

சிகிச்சையின் வரலாறு நெடியது. இத்தாலியில் பஸ்ஸினி 1880-களில் தசைகளை அடுக்கடுக்காகத் தைக்கும் முறையை வகுத்தார். தையல் இழுபட்டு விடுவதால் பலருக்குக் குடலிறக்கம் மீண்டும் தோன்றியது. 1958-இல் அமெரிக்காவில் அஷர் என்பவர் பிளாஸ்டிக் இழையால் நெய்த வலையைப் பயன்படுத்திய முறையை வெளியிட்டார். இழுத்துத் தைக்காமல் வலையைப் பரப்பி மூடும் முறையை லிச்டென்ஸ்டைன் 1989-இல் வெளியிட்டார். இன்றுவரை உலகெங்கும் அது கையாளப்படுகிறது. அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியே இதற்குப் போதுமானது.

வலையின் விலை ஏழைக்குத் தடையாக இருந்தது. மகாராஷ்டிரத்தின் தூளே மாவட்டத்தில் தோண்டாயிச்சா என்னும் சிற்றூரில் தொண்டாற்றிய ரண வைத்தியர் ரவீந்திரநாத் தோங்காவ்கர் இதற்கு எளிய வழி கண்டார். கடையில் விற்கும் ஒருவகைக் கொசுவலைத் துணி, விலை மிகுந்த வலையின் இழைக்கு நெருங்கிய பொருளால் ஆனது என்பதை உணர்ந்து, அதனைக் கிருமி நீக்கிப் பயன்படுத்தினார். பல ஊர் வைத்தியர்களுடன் சேர்ந்து கண்ட முடிவை 2003-இல் வெளியிட்டார். சிலர் நகைத்திருக்கலாம். 2016-இல் உகாண்டாவில் 302 ஆண்களிடம் முறைப்படி நடத்திய ஒப்பீடு வெளியாயிற்று. ஓராண்டு முடிவில், மலிவு வலை வைத்தவர்களில் ஒருவருக்கே குடலிறக்கம் மீண்டும் வந்தது. விலை மிகுந்த வலை வைத்தவர்களில் எவருக்கும் வரவில்லை. இரண்டிற்கும் பொருள்படத்தக்க வேறுபாடில்லை எனக் கொள்ளப்பட்டது. எல்லாக் கொசுவலையும் இதற்கு ஆகாது. பொருளையும் நெசவையும் சோதித்தறிந்து, முறையாகக் கிருமி நீக்கியதே ஆகும். ஆயினும் வலை விலையைக் காட்டி ஏழையைத் திருப்பி அனுப்புவதற்கு இனிக் காரணமில்லை.

துளை வழிச் சிகிச்சையும் மும்பைக்குப் புதிதன்று. டெஹெம்டன் உட்வாடியா 1972-இலேயே பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியின் நோயாளிகளிடம் லேப்ராஸ்கோப் என்னும் நோக்குக் குழலைச் செலுத்தி நோயறியத் தொடங்கினார். இந்நாட்டில் முதன்முதலாக இவ்வழியே பித்தப்பையை அகற்றியவரும் அவரே; ஆண்டு 1990. விரைவில் வேலைக்குத் திரும்ப வேண்டிய ஏழைக்கே இச்சிகிச்சை பெரிதும் உதவும் என்று 2023-இல் மறையும் வரை வற்புறுத்தி வந்தார். அரசினர் ஆஸ்பத்திரியில் வேரூன்றிய ஒரு கலை, பிறகு செல்வரின் கலையாக எண்ணப்பட்டது விந்தையே.

இம்முறையில் கரியமில வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்கி, அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள துளைகள் வழியாக நோக்குக் குழலும் கருவிகளும் நுழைக்கப்படுகின்றன. கவட்டில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள வலை, தசைக்கு உட்புறமாகப் பரப்பப்படுகிறது. இதன் நுட்பம் ஏரிக்கரை கண்டவருக்கு எளிதில் விளங்கும். கரையின் ஓட்டையை வெளிப்புறத்தில் அடைத்தால் நீர் அதனைத் தள்ளும். நீர்ப்புறத்தில் அடைத்தால் அதே நீர் அதனை அழுத்திப் பிடிக்கும். வயிற்றின் உள்ளழுத்தமே வலையை இவ்வாறு நிலைநிறுத்துகிறது. தகர டப்பாவில் துளையிட்டு மாணவர்க்கு இதைக் காட்டலாம்.

வெட்டு சிறிதாகையால் வலி குறைவு. நோயாளி சில நாள் முன்னதாகவே நடமாடுகிறார். கவட்டுச் சிகிச்சைக்குப்பின் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு நீடித்த வலி தங்கிவிடுகிறது. துளை வழியில் இத்தொல்லை குறைகிறது. குறைகளும் உண்டு. பெரும்பாலும் முழு மயக்கம் தேவை. கைப்பழக்கம் வர ஒரு வைத்தியர் 50 முதல் 100 சிகிச்சைகள் செய்ய வேண்டும். பழகாத கையால் குடலோ இரத்தக் குழாயோ காயப்படலாம்.

ஆகவே, ஒரு பக்கத்தில் முதன்முறையாகத் தோன்றிய எளிய கவட்டுக் குடலிறக்கத்திற்கு, பழகிய கையால் ஊசி போட்டுச் செய்யும் திறந்த சிகிச்சை எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. இதற்காகத் தனியார் மனையில் துளை வழிச் சிகிச்சை பெற வேண்டி நகையை அடகு வைப்பது வீண். இரு பக்கமும் தோன்றியவர்க்கும், முன்பு திறந்து செய்தும் மீண்டும் வந்தவர்க்கும், பெண்களுக்கும், துளை வழியே தக்கது. இவ்வேறுபாட்டை ஊழியர் அறிந்திருந்தால், இரு தவறுகளும் நேரா.

வயிற்று நடுவிலும் தழும்பிலும் தோன்றும் பிதுக்கத்தில் இம்முறையின் நன்மை இன்னும் மிகுதி. குழந்தையை வயிற்றைக் கீறி எடுத்த தழும்பின் வழியே பிதுக்கம் கண்ட தாய்மார்கள் பலர், புடவைக்குள் மறைத்து ஆண்டுக்கணக்கில் தண்ணீர் சுமக்கின்றனர். பெரிய வெட்டில் புண் சீழ்பிடிக்கும் அபாயம் அதிகம்; துளை வழியில் அது குறைகிறது. குடலைத் தொடும் இடத்தில் வலை வைப்பதானால், குடலில் ஒட்டாத பூச்சுள்ள விலையுயர்ந்த வலை வேண்டும். தசைக்குப் பின்னே அறை பிரித்து வைப்பதானால் சாதாரண பாலிபுரோபிலீன் வலையே போதும். கொலம்பியாவின் ஜார்ஜ் டேஸ் 2012-இல் கவட்டிற்காக விளக்கிய விரிந்த அறை முறை, பின்னர் வயிற்று நடுப்பகுதிக்கும் பெருக்கப்பட்டு 2018-இல் வெளியாயிற்று. உழைப்பும் திறமையும் கூடுதலாக வேண்டும் இம்முறை வலைச் செலவைக் குறைக்கிறது. நம் நாட்டிற்கு ஏற்றது இதுவே.

இத்திறமை சயனில் தாராவியை அடுத்துள்ள லோகமான்ய திலக் ஆஸ்பத்திரி போன்ற கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மட்டும் இருந்தால் போதாது. பாண்டுப்பிலிருந்து சயனுக்கு ரயிலில் ஆறாவது நிலையம்; தூரம் பெரிதன்று. ஆனால் பரிசோதனைக்கு ஒரு நாள், இரத்தச் சோதனைக்கு ஒரு நாள், தேதி பெற ஒரு நாள் என்று கூலி போகும் நாள்களே தூரமாகின்றன. புறநகரின் மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் வாரத்தில் ஒரு நாளை இச்சிகிச்சைக்கென ஒதுக்கி, கல்லூரி ஆஸ்பத்திரியின் பழகிய வைத்தியர் உடனிருந்து கற்பித்தால், இரண்டோர் ஆண்டில் அங்கேயே தேர்ந்த கைகள் உருவாகும்.

சிகிச்சைக்குப்பின் கூறப்படும் அறிவுரையும் கவனத்திற்குரியது. தையலையே நம்பியிருந்த காலத்தில் மூன்று மாதம் பளு தூக்கலாகாது என்றனர். வலை வந்த பின்னும் அப்பழைய கட்டளை பல இடங்களில் ஒலிக்கிறது. சிக்கலற்ற கவட்டுச் சிகிச்சைக்குப்பின், மூன்று முதல் ஐந்து நாள்களில், வலி அனுமதிக்கும் அளவிற்கு வழக்கமான வேலைகளுக்குத் திரும்பலாம் என்பதே 2018-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டியின் கருத்து. பெரிய தழும்புப் பிதுக்கத்திற்கு இது பொருந்தாது. மூட்டை தூக்குவோர் தொடங்கும் நாளை வைத்தியரே குறிக்க வேண்டும். வீடு திரும்பும்போது தரும் சீட்டில் அந்நாள் தெளிவாக எழுதப்பட்டிருப்பின், தொழிலாளி தேவையின்றி மூன்று மாதக் கூலியை இழக்கமாட்டார். அதை அவர் அறிந்த மொழியில் படித்துக் காட்டுவது ஊழியரின் அடுத்த வருகையில் ஐந்து நிமிட வேலை.