முதல் மோட்டார் சைக்கிள் யாருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்?

காணி ஓரிடத்திலும் குடியிருப்பு வேறிடத்திலுமாக வாழும் விவசாயக் குடும்பத்துக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போவதும், மரக்கறியைச் சந்தைக்குச் சேர்ப்பதும், காய்ச்சல் கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடுவதும் அதிலேதான். ஆகவே வாங்கலாமா என்று நாம் கேட்கவில்லை. ஓடப் பழகுபவர் உள்ள வீட்டில் முதலாவதாக எதை வாங்குவது என்பதே எமது கேள்வி.

பல வீடுகளில் இத்தீர்மானம் வளர்ந்த மகனின் ஆசையோடு முடிந்துவிடுகிறது. அவன் கேட்பது 150 சீ.சீ. வண்டி. அதன் நிறை ஏறக்குறைய 145 கிலோ. 100 சீ.சீ. வண்டியோ ஏறக்குறைய 110 கிலோதான். இந்த 35 கிலோ வித்தியாசம் தார் வீதியில் ஓடும்போது தெரியாது. மழை பெய்த கிரவல் ஒழுங்கையில் வண்டி சரியும்போதுதான் தெரியும். அதைத் தாங்கிப் பிடிக்க முடியாதவர் வண்டியோடு விழுவார். விதைப்புக் காலத்தில் ஒரு கால் முறிந்தால் அந்தப் போகமே போய்விடும்.

ஆகவே, வீட்டில் ஓடப்போகிறவர்களுள் கட்டையானவர், பலம் குறைந்தவர் எவரோ அவரே கடையில் முதலில் ஏறி இருந்து பார்க்க வேண்டும் என்பது எமது கருத்து. இரு பாதங்களும் நிலத்தில் நன்றாகப் பதிய வேண்டும். ஸ்ராண்டிலிருந்து இறக்கித் தனியே தள்ளித் திருப்ப வேண்டும். அநேகமாக அவர் அந்த வீட்டுத் தாயாகவே இருப்பார். தகப்பன் இல்லாத வீடுகளில் முழுப் பாரமும் அவருடையதே. கிளச் பிடிக்கப் பயப்படுபவருக்கு ஸ்கூட்டர் இலகு. ஆனால் அதன் சிறிய சில்லு குழி விழுந்த வீதிக்கு அவ்வளவு ஏற்றதன்று. உங்கள் பாதையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

“உர மூட்டை ஏற்றுவதற்குப் பெரிய வண்டிதானே நல்லது?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் 50 கிலோ மூட்டையைப் பின்னால் கட்டினால் எந்த வண்டியும் பழகுபவரின் கைக்கு அடங்காது. கை பழகிய பின்னர் 100 சீ.சீ. வண்டியே அதைச் சுமக்கும்.

சிறிய வண்டியின் அருமை எமக்குப் புதிதன்று. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடுக்கப்பட்டிருந்தபோது, சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடியவை ஹொண்டா எம்.டி. 90 போன்ற சிறிய வண்டிகளே. 2022இல் கியூ.ஆர். முறை வந்தபோதும் மோட்டார் சைக்கிளுக்கு முதலில் வாரம் 4 லீற்றரே கிடைத்தது. லீற்றருக்கு 60 கிலோமீற்றர் ஓடும் வண்டி அதில் 240 கிலோமீற்றர் போகும். 40 ஓடும் வண்டி 160 மட்டுமே. தூரத்துக் காணிக்குப் போய்வருபவருக்கு அந்த 80 கிலோமீற்றர் சில நாள் வேலைக்குச் சமம்.

அடுத்தது பணம். நெல் காலபோகத்தில் ஒருமுறையும், குளத்தில் தண்ணீர் இருந்தால் சிறுபோகத்தில் இன்னொரு முறையும் காசு தரும். லீசிங் தவணையோ மாதந்தோறும் வரும். கட்டி முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் வண்டியின் முழு உரிமையும் கடன் கொடுத்த கம்பனிக்கே. அறுவடையோடு தவணை கட்ட முடியுமா என்று கையெழுத்து வைக்குமுன் கேளுங்கள். முடியாதென்றால், கையிலுள்ள காசுக்குப் பழைய வண்டியொன்று வாங்குவதில் வெட்கமில்லை. எஞ்சின் இலக்கமும் சேசி இலக்கமும் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். இரண்டு ஹெல்மட்டின் விலையையும் வண்டியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

ஏ1 வகுப்பு அனுமதிப்பத்திரம் 100 சீ.சீ. வரையே செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். மேலும், கிரவலில் முன் பிறேக்கைச் சடுதியாகப் பிடிக்காமல் இருக்க, முதல் மாதம் வெறும் வண்டியோடு பழகுங்கள்.

மகனின் ஆசையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவன் உழைத்து இரண்டாவது வண்டியைத் தன் விருப்பப்படி வாங்கட்டும். முதலாவது வண்டி முழு வீட்டுக்கும் உரியது. கடைக்குப் போகும் நாளில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.