முழுமையாகச் சொல்லப்படாத வரலாறு

இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் கோடைக்காலந்தோறும் வான்காட்சிகள் நடைபெறுகின்றன. அங்குப் பறக்கும் பழைய போர் வானூர்திகளுள் எம்.எச்.434 என்னும் எண் தாங்கிய ஸ்பிட்ஃபயர் பெரும்புகழ் வாய்ந்தது. 1943இல் காசில் பிராம்விச் தொழிற்சாலையில் உருவான அது, அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே பிரான்சின் வான்வெளியில் ஜெர்மானியப் போர் வானூர்தி ஒன்றை வீழ்த்தியது. நாசிசத்தை எதிர்த்த வீரத்தின் அடையாளமாக இன்று போற்றப்படுகிறது. அப்போற்றுதல் தகுதியானதே. ஆயினும், போருக்குப் பிந்தைய அதன் வாழ்வை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

1947இல் அது நெதர்லாந்துக்கு விற்கப்பட்டு, ஜாவாவுக்கு அனுப்பப்பட்டது. இந்தோனேசிய மக்கள் 1945 ஆகஸ்டு 17 அன்றே தம் விடுதலையை அறிவித்திருந்தனர். அதனை ஏற்க மறுத்த நெதர்லாந்து, படைபலத்தால் தன் குடியேற்ற ஆட்சியை மீட்க முனைந்தது. அப்போருக்குக் 'காவல் நடவடிக்கை' என்று பெயரும் சூட்டியது. 1940 முதல் 1945 வரை ஜெர்மனியின் பிடியில் துன்புற்ற நாடே பிறர் விடுதலையை மறுத்தது. ஆக்கிரமிப்பை எதிர்க்கப் பிறந்த வானூர்தி, நான்கே ஆண்டுகளில், விடுதலை வேண்டியோரைத் தாக்கும் கருவியாயிற்று.

1949 டிசம்பரில் இந்தோனேசியாவின் இறையாண்மை ஏற்கப்பட்டது. வானூர்தி பின்னர்ப் பெல்ஜியத்தில் விமானிகளுக்குப் பயிற்சியளித்தது. தனியார் நிறுவனத்திடம் சென்று, பீரங்கிப் பயிற்சிக்கான இலக்குகளை இழுத்துப் பறந்தது. 1963இல் தனிமனிதர் ஒருவர் அதனை வாங்கி இங்கிலாந்துக்குக் கொணர்ந்தார். 1969இல் வெளியான 'பிரிட்டன் போர்' திரைப்படத்திலும் அது பறந்தது. இவ்வாறு, கூலிக்கு உழைத்த இயந்திரம் மெல்ல மெல்லப் புகழின் சின்னமாயிற்று. அப்புகழொளியில் ஜாவா மறைந்துபோனது.

'இயந்திரத்தின்மீது பழி சுமத்துவது முறையா?' என்று சிலர் வினவலாம். முறையன்றுதான். ஏவியவர் செயலுக்கு ஏவப்பட்டது பொறுப்பாகாது. ஆனால், அவ்வளவுகோல் இருபக்கமும் பொருந்த வேண்டும். ஜாவாவின் பழி இயந்திரத்தைச் சேராதெனில், பிரான்சின் புகழும் அதனைச் சேராது. புகழை மட்டும் அதன் இறக்கையில் எழுதி, பழியை அழித்துவிடுவது எவ்வகை நீதி?

2020இல் இந்தோனேசியாவுக்குச் சென்ற நெதர்லாந்து மன்னர் வில்லெம் அலெக்சாந்தர், அக்காலத்தில் தம் நாட்டவர் இழைத்த மிகையான வன்முறைக்கு மன்னிப்புக் கோரினார். முடியாட்சியே ஒப்புக்கொண்ட உண்மையை ஒரு வான்காட்சியின் அறிவிப்பாளர் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. பழைய வானூர்திகள் பறக்கட்டும். அவற்றைப் பழுதுநீக்கிக் காக்கும் தொழிலாளரின் கைத்திறன் பாராட்டப்படட்டும். அவை பறக்கும்போது, ஒலிபெருக்கியில் ஜாவாவின் பெயரும் ஒலிக்க வேண்டும். தம் முன்னோர் பட்ட துயரும் அவ்வூர்தியின் வரலாற்றில் ஒரு பக்கம் என்பதை இந்தோனேசியச் சிறுவன் ஒருவன் அங்கு நின்று கேட்க இயலுமாயின், அதுவே முழுமையான நினைவேந்தல்.