மாட்டிய முள்ளை எடுத்துவிட்டுப் போங்கள்

ஆற்றங்கரையில் தூண்டில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்கும். கைபேசியைத் தொடாமல் இரண்டு மணி நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்காருகிற பொழுதுபோக்கு இந்தக் காலத்தில் வேறு என்ன இருக்கிறது? ஆகவே மீன்பிடிப்பதற்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் சொல்ல வருவது இதுதான். தண்ணீருக்குள் மாட்டிக்கொண்ட முள்ளை, நரம்பை அறுத்துவிட்டு அப்படியே விட்டுப் போவது தவறு. அதை எடுக்கிறேன் என்று தண்ணீரில் குதிப்பது அதைவிடப் பெரிய தவறு. கரையில் நின்றபடியே எடுக்க வழிகள் இருக்கின்றன. அவற்றை இளவட்டங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நம்மைப் போன்றவர்களின் வேலை.

நம் காலத்துத் தூண்டில் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு மூங்கில் கம்பு, அதன் நீளத்துக்கு நரம்பு, மயில் இறகின் தண்டில் ஒரு தக்கை, சின்னதாக ஒரு முள், மண்புழு. முள் எங்கே மாட்டினாலும் நமக்குப் பத்தடி தூரத்தில்தான் மாட்டும். இரண்டு அடி தள்ளி நின்று கம்பை ஆட்டினால் வந்துவிடும். இன்றைக்கு ராடும் ரீலும் வந்துவிட்டன. முப்பது நாற்பது மீட்டர் தூரம் வீசுகிறார்கள். நூலாகப் பின்னிய நரம்பு ஒன்று வருகிறது. கையை அறுக்குமே தவிர அறுபடாது. இரைக்குப் பதில் லூர் என்கிற பொய்மீன். அதன் வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று என்று மூன்று முனை முள் இரண்டு தொங்கும். ஆக, ஒரே வீச்சில் ஆறு கூர்முனைகள் தண்ணீருக்குள் போகின்றன. தாமிரபரணியிலோ பாறைக்கும் மருத மரத்து வேருக்கும் குறைவில்லை. போதாததற்குப் பரிகாரம் என்று மக்கள் ஆற்றில் விட்டுப்போன வேட்டியும் சேலையும் அடியில் கிடக்கின்றன. மாட்டாமல் என்ன செய்யும்?

மாட்டினால் என்ன, அவன் காசுதானே போகிறது என்று கேட்கலாம். போவது காசு மட்டும் என்றால் நான் இதை எழுதப்போவதில்லை.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிற இந்த ஆறு, முதலில் குளிக்கிற ஆறு. பாபநாசத்தில் தொடங்கி வழிநெடுகப் படித்துறைகள். செருப்பில்லாத கால்கள் இறங்குகிற இடம் அது. போன கோடையில் எங்கள் பக்கத்துப் படித்துறை ஒன்றில் எட்டு வயதுப் பையன் ஒருவனின் குதிகாலில் முள் ஏறிவிட்டது. மூன்று முனை முள். ஒரு முனை சதைக்குள், மற்ற இரண்டும் வெளியே. கூட இருந்தவர்கள் பதறி இழுக்கப் பார்த்தார்கள். தூண்டில் முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக ஒரு சின்னக் கூர் இருக்கும். மீன் நழுவாமல் இருக்கச் செய்த வேலை அது. போன வழியே திரும்பி வராது. சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். நல்ல வேளையாக ஒரு பெரியவர் தடுத்து, மருத்துவமனைக்கு அனுப்பினார். மரத்துப்போக ஊசி போட்டு முள்ளை எடுத்து, டெட்டனஸ் ஊசியும் போட்டு அனுப்பினார்கள். யார் விட்டுப்போன முள் என்று யாருக்குத் தெரியும்? விட்டவனுக்கே தெரியாது.

இது மனிதர் பாடு. பறவைகளின் பாடு வேறு. நைலான் என்கிற பொருள் 1938இல்தான் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பு பருத்தி, பட்டு போன்றவற்றில் திரித்த நூல்; தண்ணீரில் கிடந்தால் மக்கிவிடும். நைலான் நரம்பு மக்குவதற்கு 600 ஆண்டுகள் ஆகலாம் என்று ஒரு மதிப்பீடு பரவலாகச் சொல்லப்படுகிறது. அறுநூறு வேண்டாம், அறுபது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் அறுத்துவிட்ட நரம்பு அவனுடைய பேரன் காலத்திலும் கொக்கின் காலைச் சுற்றும். நீர்க்காகம் தண்ணீருக்குள் மூழ்கி மீனைத் துரத்துகிற பறவை. நரம்பு கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதால்தான் மீன் ஏமாறுகிறது, பறவையும் அப்படியே ஏமாறும். நம் மாவட்டத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் அங்கே கூடு கட்டுகின்றன. அந்த ஊர் மக்கள் அவற்றை வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அவை இரை தேடிச் சுற்றுவட்டாரக் குளங்களுக்கும் போயாக வேண்டும். அங்கே நாம் நரம்பையும் முள்ளையும் விட்டுவைத்தால், கூந்தன்குளத்துக்காரர்கள் காத்து என்ன பயன்?

அடுத்தது ஈயம். முள்ளோடு போகிற ஈயக்குண்டைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வாத்து, அன்னம் போன்ற பறவைகளுக்குப் பல் கிடையாது. சின்னச் சின்னக் கற்களை விழுங்கி அரைவைப்பையில் வைத்து இரையை அரைக்கின்றன. கல்லென்று நினைத்து ஈயத்தை விழுங்கினால் அது உள்ளே தேய்ந்து இரத்தத்தில் கலந்துவிடும். இங்கிலாந்தில் அன்னங்கள் இப்படிச் செத்து விழுந்த பிறகுதான், 1987 முதல் சிறிய ஈயக்குண்டுகளைத் தூண்டிலுக்கு விற்பதைத் தடை செய்தார்கள். இங்கே நாம் ஈயத்தைப் பல்லால் கடித்து நரம்பில் பொருத்துவதையே திறமை என்று நினைத்திருந்தோம். பேரப்பிள்ளைகள் அப்படிச் செய்வதைப் பார்த்தால் தயவுசெய்து தடுங்கள். ஒரு பழைய நட்டோ, கயிறு கட்ட வாகான கூழாங்கல்லோ அதே வேலையைச் செய்யும்.

"முள் துருப்பிடித்துப் போய்விடும் தாத்தா" என்று ஒரு பையன் என்னிடம் சொன்னான். சாதாரண இரும்பு முள் துருப்பிடிக்கும், உண்மைதான். ஆனால் இன்று நல்ல முள் என்றாலே மேலே பூச்சு பூசியதுதான், சில எவர்சில்வர். அவை துருப்பிடித்து உதிரும் வரை யாரும் அங்கே கால் வைக்காமல் இருப்பார்களா? "வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும்" என்று இன்னொருவன். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு கரையோரம் நடந்தவர்களுக்குத் தெரியும், துணியும் பிளாஸ்டிக்கும் மரக்கிளைகளில் எந்த உயரத்தில் தொங்கின என்று. வெள்ளம் எதையும் இல்லாமல் ஆக்குவதில்லை. இடத்தை மாற்றி வைக்கிறது, அவ்வளவுதான்.

சரி, எடுக்க வேண்டும். எப்படி?

முதலில், எப்படி எடுக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். லூர் ஒன்று சில நூறு ரூபாய். கல்லூரிப் பையனுக்கு அது பெரிய காசு. அதனால் சட்டையைக் கழற்றிவிட்டு நரம்பைப் பிடித்துக்கொண்டே இறங்குகிறான். தாமிரபரணியில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியிலேயே கசம் இருக்கும். மணல் அள்ளிய குழியும் இருக்கும். முள் மாட்டியிருக்கிற இடமென்றாலே அங்கே வேரோ துணியோ பாறை இடுக்கோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? முள்ளை மாட்டவைத்தது காலையும் மாட்டவைக்கும். கலங்கல் தண்ணீருக்குள் நரம்பைத் தடவிக்கொண்டே போனால் கடைசியில் கைக்குக் கிடைப்பது கூர்முனைதான். அது இழுவிசையில் நிற்கிற முள். விடுபட்டால் நேரே உள்ளங்கைக்குள் போகும். முந்நூறு ரூபாய்க்கு ஒரு தாய் பிள்ளையைப் பறிகொடுக்கக் கூடாது.

இனி, எடுக்கிற முறை. முள் மாட்டியது தெரிந்ததும் எல்லோரும் செய்வது ராடை வளைத்து இழுப்பது. இழுக்க இழுக்க முள் ஆழமாகத்தான் ஏறும். முதலில் நரம்பைத் தளர்த்த வேண்டும். பாதி நேரம் முள் ஏறியிருக்காது, ஈயமோ லூரின் வாயோ கல்லிடுக்கில் உட்கார்ந்திருக்கும். தளர்த்தி, ராடின் நுனியை மெல்ல உதறினால் கழன்றுவிடும். அசையவில்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். எந்தத் திசையில் இழுத்தபோது மாட்டியதோ அதற்கு எதிர்த்திசையில் இழுத்தால்தான் வரும். கரையிலேயே இருபது முப்பது அடி மேலேயோ கீழேயோ நடந்து போய் இழுத்துப் பாருங்கள்.

முள் நமக்குக் கீழ்ப்பக்கம், ஓடுகிற தண்ணீரில் மாட்டியிருந்தால் ஆறே நமக்கு உதவி செய்யும். ஐந்தாறு மீட்டர் நரம்பைத் தாராளமாக விடுங்கள். ஓட்டம் அதை முள்ளைத் தாண்டிக் கீழே கொண்டுபோய் வளைத்து நிறுத்தும். அப்போது ஒரு சுண்டு சுண்டினால், இழுப்பு கீழ்ப்பக்கத்திலிருந்து விழும். இன்னொரு முறை, வில்லில் நாணை இழுப்பது போல. நரம்பை விறைப்பாக வைத்து, ரீலுக்குப் பக்கத்தில் விரலால் பக்கவாட்டில் இழுத்துச் சட்டென்று விட வேண்டும். அந்த அதிர்ச்சி நரம்பு வழியே போய் முள்ளைப் பின்னுக்குத் தட்டும்.

இதற்கெல்லாம் மசியாத முள்ளுக்கு ஒரு கருவி இருக்கிறது. கடையில் விலைக்கும் கிடைக்கிறது. ஆனால் வீட்டில் சாவியோடு கிடக்கிற பழைய பூட்டு ஒன்று போதும். ஒரு கெட்டியான கயிற்றைப் பூட்டின் உடம்பில் நன்றாகக் கட்டுங்கள். பூட்டின் வளையத்துக்குள் தூண்டில் நரம்பு வரும்படி மாட்டிப் பூட்டுங்கள். நரம்பை விறைப்பாகப் பிடித்தபடி, கயிற்றைத் தளர்த்திப் பூட்டை நரம்பு வழியே இறக்குங்கள். அது சறுக்கிக்கொண்டு போய் லூரின் தலையில் மோதும். கயிற்றைச் சுண்டிச் சுண்டி நாலைந்து தடவை மோத விட்டால் முள் பின்வாங்கிக் கழன்றுவிடும். பூட்டோடு ஒரு துண்டுச் சங்கிலியையும் சேர்த்துக் கட்டினால், முள்முனை சங்கிலிக் கண்ணியில் மாட்டி அதோடு வந்துவிடுவதும் உண்டு. சிலர் பழைய ஸ்பார்க் பிளக்கை இதற்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று: நரம்பு செங்குத்தாகச் சரிந்திருந்தால்தான் பூட்டு இறங்கும். உயரமான படித்துறை, மேட்டுக்கரை, படகு இவற்றுக்குச் சரி. தாழ்ந்த கரையிலிருந்து முப்பது மீட்டர் தூரத்துக்கு இறக்கினால் பாதி வழியில் தரையில் உட்கார்ந்துவிடும். மரக்கிளையில் மாட்டிய முள்ளுக்கு இருக்கவே இருக்கிறது, முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டி.

எதற்கும் வரவில்லை, அறுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அதையும் முறையாகச் செய்ய வேண்டும். நரம்பைக் கையில் சுற்றக் கூடாது; ஒரு குச்சியில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நகர்ந்து இழுக்க வேண்டும். முகத்துக்கு நேரே இழுத்தால், கழன்ற ஈயம் உண்டிவில் கல் மாதிரி திரும்பி வரும். முள் கட்டுகிற கடைசி ஒரு முழத்தை மட்டும் மெல்லிய நரம்பாக வைத்துக்கொள்கிறவன் அந்த ஒரு முழத்தைத்தான் ஆற்றில் விடுவான். அந்த முன்யோசனை இல்லாதவன் முப்பது மீட்டரை விடுவான்.

இதை எழுதும்போது பாதாளக் கரண்டி நினைவுக்கு வருகிறது. கிணற்றில் வாளியோ குடமோ விழுந்தால் எடுப்பதற்கென்று வளையத்தில் கொத்துக்கொத்தாகக் கொக்கிகள் வைத்த கருவி. தெருவுக்கு ஒரு வீட்டில்தான் இருக்கும். அதை இரவல் வாங்கப் போனால், ஒரு பித்தளைச் செம்பையாவது கொடுத்துவிட்டுத்தான் எடுத்து வர முடியும். கரண்டியைத் திருப்பிக் கொடுத்தால் செம்பு திரும்பி வரும். அப்போது அது கறாராகத் தெரிந்தது. இன்று யோசித்தால், ஊருக்குப் பொதுவான கருவி தொலையாமல் இருக்க எவ்வளவு நல்ல ஏற்பாடு! கிணற்றில் விழுந்ததை அப்படியே விட்டுவிட்டுப் புதுக் குடம் வாங்கியவர்கள் உண்டா? குடிக்கிற தண்ணீரில் எதுவும் கிடக்கக் கூடாது என்பதுதான் காரணம். ஆற்றுத் தண்ணீரையும்தான் குடிக்கிறோம்.

ஆகவே என் யோசனை இது. தூண்டில் சாமான் விற்கிற கடைக்காரர்கள் ஆளுக்கு இரண்டு பூட்டுக்கயிறு செய்து வைத்திருக்கட்டும். நூறு ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கட்டும். திருப்பித் தந்தால் பணமும் திரும்பட்டும். முள்ளை விற்கிறவருக்கு அதை மீட்பதிலும் ஒரு பங்கு இருக்க வேண்டாமா? இரண்டாவது, கோடையில் தண்ணீர் இறங்கியதும், குளங்கள் வற்றியதும், தூண்டில் போடுகிற பையன்களே ஒரு காலைப்பொழுது கூடிப் பொறுக்க வேண்டும். கெட்டியான செருப்பு, கையில் ஒரு குச்சி, மூடி போட்ட டப்பா போதும். படித்துறை ஓரத்தில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தால் இரும்பு முட்கள் ஒட்டிக்கொண்டு வரும். ஈயம் ஒட்டாது, எவர்சில்வரில் சிலவும் ஒட்டாது, அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். எடுத்த நரம்பைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். சுருளாகப் போட்டால் குப்பைமேட்டில் நாயின் காலைச் சுற்றும்.

உங்கள் பேரன் தூண்டில் வேண்டும் என்று கேட்டால் வாங்கிக் கொடுங்கள். கூடவே சாவியோடு ஒரு பழைய பூட்டையும் இருபது மீட்டர் கயிற்றையும் அவன் பையில் வைத்து அனுப்புங்கள். மீன் கிடைத்ததா என்று கேட்பதற்கு முன்னால், கொண்டுபோன முள்ளெல்லாம் திரும்பி வந்ததா என்று கேளுங்கள்.