தேசியம் எல்லாம் ஒன்றல்ல

ஜொகூர் பாருவில் உள்ள இஸ்தானா பெசாரில் 1946ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் அம்னோ தோற்றுவிக்கப்பட்டது. மலாயன் யூனியன் திட்டத்தை எதிர்த்து மலாய்க்காரர்கள் ஒன்றுதிரண்டதன் விளைவு அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி வீழ்ந்தது. ஹிட்லரும் தம்மைத் தேசியவாதி என்றே கூறிக்கொண்டார். அப்படியானால், எல்லாத் தேசியமும் ஒன்றுதானா? இல்லை என்பதே என் கருத்து.

முதலாவது வேறுபாடு நோக்கத்தில் உள்ளது. மலாயாவிலும் இந்தியாவிலும் எழுந்த தேசியம் அந்நிய ஆட்சியிலிருந்து விடுபட முனைந்தது. நாட்சி ஜெர்மனியோ 1939இல் போலந்தின்மீது படையெடுத்துப் பிறர் நிலத்தைப் பறித்தது.

இரண்டாவது வேறுபாடு, ‘யார் நம்மவர்?’ என்னும் கேள்விக்கான விடையில் உள்ளது. ஜெர்மானிய இரத்தம் உடையவரே குடிமகன் என்று நாட்சிக் கட்சி 1920இலேயே அறிவித்தது. 1935ஆம் ஆண்டின் நூரம்பர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தன. ஒருவர் ஜெர்மன் மொழியைப் பேசினாலும் கிறித்துவராக மதம் மாறினாலும் பயனில்லை. அவருடைய தாத்தா பாட்டி யார் என்பதே பார்க்கப்பட்டது. முடிவில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். அக்கட்சியின் பெயரில் சோசலிசம் இருந்தது. ஆனால், 1933இல் அது தொழிற்சங்கங்களையே ஒழித்தது.

இதற்கு மாறாக, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943இல் சிங்கப்பூரில் தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பலர் சேர்ந்தனர். இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறித்துவர் அனைவரும் அதில் தோளோடு தோள் நின்றனர்.

“போஸ் 1942இல் ஹிட்லரைச் சந்தித்தாரே!” எனச் சிலர் கேட்கலாம். உண்மைதான், அது விமர்சனத்திற்கு உரியதே. எனினும், ஜெர்மனியின் புதிய தேசியம் குறுகியது, செருக்கு மிக்கது என்று 1936இலேயே அவர் கண்டித்து எழுதினார். விடுதலைக்காக உதவி நாடினாரேயன்றி, இனவெறிக் கொள்கையை அவர் ஏற்கவில்லை.

ஆயினும், எந்தத் தேசியமும் வழிதவறக்கூடும். ‘ஆசியா ஆசியருக்கே’ என முழங்கிய ஜப்பானியரே தமிழர்களைச் சயாம் மரண இரயில்பாதைக்கு அனுப்பிப் பல்லாயிரவரைப் பலிகொண்டனர். எனவே, முழக்கத்தைக் கேட்டு மயங்காமல், அது யாரை வெளியே தள்ளுகிறது என்று கேட்கப் பழக வேண்டும். பல இனத்தாரும் ஒன்றுபட்டு வாழவே 1970இல் ருக்குன் நெகாரா பிரகடனம் செய்யப்பட்டது. அண்டை வீட்டாரை வெறுக்கச் சொல்வது நாட்டுப்பற்று ஆகாது.